பருத்தித் துணியில் இங்க்ஜெட் அச்சு: விழுந்த துளி விழுந்த இடத்திலேயே நிற்க

ஒரே வடிவம், ஒரே இயந்திரம், ஒரே மை. முதல் சுருளில் காகிதப்பூவின் இதழ் ஓரம் கத்தரித்து ஒட்டியதுபோல் நின்றது. அடுத்த சுருளில் அதே ஓரம் நூல் வழியே நாலாபுறமும் கசிந்து, பூவுக்கு மீசை முளைத்தாற்போல் இருந்தது. புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய தெருவில் இருக்கும் ஒரு விடுதிக்கான திரைச்சீலைகள் அவை. மொத்தம் அறுபது மீட்டர். முத்தியால்பேட்டையில் நான் நடத்தும் சிறு பட்டறைக்கு அதுவரை அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை.

இரண்டு நாள் இயந்திரத்தையே குடைந்தேன். மை பீய்ச்சும் நுண்துளைகளான நாசில்களைக் கழுவினேன், அச்சுத்தலையை நேராக்கினேன், மைக்குப்பியையும் மாற்றினேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இங்குள்ள ஆலை ஒன்றின் சாயப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு துண்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, மெஷினை விடு. துணிக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுத்துப் பார்" என்றார்.

கொடுத்தேன். முதல் சுருளில் எங்கே விட்டாலும் சொட்டு இரண்டு நொடியில் உள்ளே இறங்கியது. இரண்டாவது சுருளில் கரையோரம் இரண்டு நொடி, நடுவில் இருபது நொடிக்கு மேல் முத்துப்போல் உருண்டு நின்றது. நெசவுக்காக நூலில் ஏற்றிய கஞ்சி நடுவில் சரியாகப் போகவில்லை. மை ஓடாமல் இருக்க அச்சுக்கு முன் அதன்மேல் நான் பூசிய முன்பதக் கரைசலும் திட்டுத்திட்டாகவே ஏறியிருந்தது. இயந்திரத்தின் மேல் குற்றமே இல்லை.

அன்றிலிருந்து அச்சு வேலையை மூன்று கேள்விகளாகவே பார்க்கிறேன். துளி விழுந்த இடத்தில் நிற்கிறதா? நின்ற சாயம் இழையோடு பிணைகிறதா? பிணையாதது முழுக்க வெளியேறுகிறதா? இயந்திரம் முதல் கேள்வியில் பாதிக்குத்தான் பொறுப்பு. மற்ற இரண்டரையும் துணி, தண்ணீர், நீராவி ஆகியவற்றின் கையில் இருக்கின்றன.

இங்கே சொல்வது பெரும்பாலும் ரியாக்டிவ் மைக்கு உரியது. பருத்தியின் செல்லுலோசுடன் வேதிப் பிணைப்பு கொள்வது அதுதான். ஆழமான நிறம், துணியின் மென்மை, சலவைக்குத் தாங்கும் தன்மை மூன்றும் சேர்ந்து வேண்டுமென்றால் அதற்கு ஈடு இல்லை. நீராவி வசதி இல்லாதவர்களுக்காகப் பிக்மென்ட் மையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். சப்ளிமேஷன் மை பாலியஸ்டருக்கானது. நூறு சதவீதப் பருத்தியில் அது நிற்காது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் அங்கேதான் பணத்தை விடுகிறார்கள்.

முதல் படி: துணியைச் சோதித்தல்

கடையில் கிடைக்கும் வெள்ளைத் துணியை அப்படியே எடுத்து அச்சிடாதீர்கள். அதில் மெருகுப் பூச்சு இருக்கும், சிலிக்கான் மென்மையூட்டி இருக்கும், பளிச்சென்று தெரிவதற்காக வெண்மையூட்டியும் இருக்கும். முதல் இரண்டும் தண்ணீரைத் தள்ளும். மூன்றாவது உங்கள் நிறக் கணக்கையே நீலத்தின் பக்கம் சாய்த்துவிடும். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் வெண்மையூட்டி போட்ட துணி நீலமாக ஒளிரும்.

காடா துணி வாங்கிப் பதப்படுத்தக் கொடுக்கிறவர்கள், பொசுக்குதல், கஞ்சி நீக்குதல், காரத்தில் வேகவைத்தல், பெராக்சைடில் வெளுத்தல் ஆகிய நான்கும் நடந்தனவா என்று கேட்டு வாங்க வேண்டும். பொசுக்காத துணியில் பஞ்சு மயிர் நிமிர்ந்து நிற்கும். துளி அந்த மயிரில் மாட்டிக்கொள்ளும், கழுவும்போது மயிரோடு நிறமும் போய்விடும். மெர்சரைஸ் செய்த துணி கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள். ஜான் மெர்சர் 1844இல் கண்டறிந்த வழி அது. அடர்ந்த காரத்தில் இழை உப்பி உருண்டையாகும், பளபளப்பு கூடும், சாயத்தையும் அதிகம் வாங்கும். மை அளவைக் கூட்டாமலேயே கறுப்பு கறுப்பாகத் தெரியும்.

சொட்டுச் சோதனைக்கு ஒரு சொட்டுக்குழாயும் கைக்கடிகாரமும் போதும். துணியை வளையத்தில் இறுக்கிப் பிடித்து, ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். மினுமினுப்பு மறைவதுவரை எண்ணுங்கள். ஐந்து நொடிக்குள் மறைந்தால் ஏற்கலாம், இரண்டு நொடிக்குள் என்றால் நல்ல துணி. வேகம் எவ்வளவு முக்கியமோ அதே அளவு சீர்மையும் முக்கியம். இடது கரை, நடு, வலது கரை என்று சுருளின் தொடக்கத்தில் மூன்று இடம், முடிவில் மூன்று இடம் பாருங்கள். ஆறும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு அந்த அறுபது மீட்டரை இழக்க வைத்தது இந்த ஆறு சொட்டுகளை விடாததுதான்.

சொட்டு தயங்கினால், காரணம் கஞ்சியா என்று அயோடின் சொல்லும். பொட்டாசியம் அயோடைடில் கரைத்த நீர்த்த அயோடினில் ஒரு துளி போடுங்கள். நீலமோ ஊதாவோ ஆனால் மாவுச்சத்துக் கஞ்சி மிச்சமிருக்கிறது. துணியைத் திருப்பி அனுப்புங்கள். மஞ்சளாகவே இருந்தால் காரணம் மெழுகோ எண்ணெயோ ஆக இருக்கும், காரத்தில் சரியாக வேகவில்லை என்று பொருள். வெளுப்பில் போட்ட பெராக்சைடு மிச்சமிருக்கிறதா என்பதைச் சோதனைத் தாளால் பார்க்கலாம். அது மிச்சமிருந்தால் சாயத்தைத் தின்னும். துணியை ஊறவைத்த காய்ச்சி வடித்த நீரின் பி.எச். 6.5க்கும் 7.5க்கும் நடுவில் இருக்கட்டும்.

இன்னொன்று, சுருக்கம். 50 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, கொதிக்கவைத்துக் கழுவிக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். நீள நூலான பாவின் வாட்டத்தில் சுருக்கம் பொதுவாக அதிகம். அந்தக் கணக்கை வடிவத்திலேயே ஏற்றிவிட்டால் வட்டம் கடைசியிலும் வட்டமாகவே இருக்கும்.

இரண்டாம் படி: தண்ணீர்

கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிச் சாய வேலை செய்வது கடினம். பல இடங்களில் அது கடினநீர், சில இடங்களில் உப்பும் கலந்தது. இரண்டும் இரண்டு விதமாகக் கெடுக்கும். கடினநீரில் உள்ள கால்சியம், முன்பதத்தில் சேர்க்கும் ஆல்ஜினேட் என்ற கடற்பாசிக் கூழைத் திரித்துக் கட்டியாக்கும். உப்போ, கழுவும்போது வெளியேற வேண்டிய சாயத்தைத் துணியிலேயே ஒட்டிக்கொள்ள வைக்கும். சாயத் தொட்டியில் துணி சாயத்தை வாங்க உப்புப் போடுவார்கள் அல்லவா, அதே வேலையை அது கழுவும் தொட்டியில் நம் விருப்பம் இல்லாமல் செய்கிறது.

கூழ் கலக்க நான் ஆர்.ஓ. தண்ணீர்தான் பயன்படுத்துகிறேன், செலவு பெரிதில்லை. கழுவுவதற்கு மென்மையாக்கும் கருவி வழியாக வந்த நீர். மென்மையாக்கும் கருவி கடினத்தன்மையை மட்டுமே நீக்கும், உப்பை நீக்காது. உங்கள் கிணறு கரிக்கிறது என்றால் கழுவும் நீரையும் வெளியிலிருந்து வாங்குவதே உத்தமம். மழைக்காலத்தில் கூரை நீரைத் தொட்டியில் பிடித்து வைக்கிறேன். கூழுக்கு அதைவிட நல்ல நீர் கிடைக்காது.

மூன்றாம் படி: முன்பதம்

முழு வேலையின் உயிர் இங்கே இருக்கிறது. ஸ்கிரீன் அச்சில் சாயம், கூழ், காரம், யூரியா எல்லாம் ஒரே பசையில் இருக்கும். பசை கெட்டியானது, வைத்த இடத்தில் இருக்கும். இங்க்ஜெட் மையில் இவற்றைக் கலக்க முடியாது. கூழ் நாசிலை அடைக்கும், காரம் மைக்குப்பிக்குள்ளேயே சாயத்தைத் தண்ணீரோடு வினைபுரியவைத்துச் செயலற்றதாக்கிவிடும். எனவே மை தண்ணீர்போல இளகி வருகிறது. அதன் துளி சில பிக்கோலிட்டர் அளவு. ஒரு லிட்டரை ஒரு லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பிக்கோலிட்டர். அவ்வளவு சிறிய, அவ்வளவு இளகிய துளி பஞ்சின்மேல் விழுந்தால் ஓடத்தானே செய்யும்? ஓடாமல் பிடிக்க வேண்டியதையும், பிணைக்க வேண்டியதையும் துணிமேல் முன்கூட்டியே ஏற்றிவைக்கிறோம். அதுதான் முன்பதம்.

இது புதிய யோசனையும் அல்ல. நம் சோழமண்டலக் கரையில் துணிக்கு வண்ணம் தீட்டியவர்கள் செய்ததை, பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ 1742இல் எழுதிய கடிதத்தில் படிப்படியாக விவரித்தார். வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து காயவைத்த பிறகே எழுதுகோலைத் தொடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பிடிக்க உதவும். பாலின் கொழுப்பு கோடு கசியாமல் காக்கும். பிடிக்க ஒன்று, கசியாமல் காக்க ஒன்று. நம் கரைசலிலும் அதே இரண்டு வேலைகள்தாம், பொருள்கள் மட்டும் வேறு.

ஒரு லிட்டர் கரைசலுக்கு என் பட்டறையில் நான் எடுக்கும் அளவு:

சோடியம் ஆல்ஜினேட், நடுத்தரப் பாகுத்தன்மை உள்ளது: 15 கிராம்
யூரியா: 100 கிராம்
சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட்: 25 கிராம்
ரெசிஸ்ட் சால்ட்: 10 கிராம்
சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்: 3 கிராம்
மீதி, நல்ல தண்ணீர்

ஒவ்வொன்றும் ஏன் என்று தெரிந்தால்தான் எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்பது புரியும்.

ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. மன்னார் வளைகுடாவில் எடுக்கும் பாசிகளிலிருந்தும் இது தயாராகிறது. மாவுக் கஞ்சியை இதற்குப் பதிலாகப் போடக் கூடாது. ரியாக்டிவ் சாயம் மாவுச்சத்தோடும் வினைபுரிந்துவிடும். நிறம் கஞ்சியோடு போகும், போகாத கஞ்சி துணியை அட்டையாக்கும். ஆல்ஜினேட் எதிர்மின் தன்மை கொண்டது, சாயமும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அதனால் சாயம் இழையைத் தேடிப் போகிறது. கூழுக்கும் புதுச்சேரிக்கும் ஒரு பழைய உறவும் உண்டு. இங்கே நீலச் சாயமேற்றிய துணி பிரெஞ்சு வணிகத்தில் செனகலுக்குப் போய், அங்கே கருவேலப் பிசினுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது. ஐரோப்பியத் துணி அச்சகங்கள் அந்தப் பிசினைத்தான் கூழாகப் பயன்படுத்தின.

யூரியா நீராவியிலிருந்து ஈரத்தை இழுத்து இழையை உப்பவைக்கும், சாயத்தைக் கரைத்து உள்ளே அனுப்பும். குறைத்தால் நிறம் வெளிறும். கூட்டினால் ஈரம் மிகுந்து கோடு பரவும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் 100 கிராமை 80 ஆக்கிவிடுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. கழிவுநீரில் போகும் யூரியா நைட்ரஜனாகி ஏரி, ஆறுகளில் பாசியைப் பெருக்கும். சுண்ணாம்பாற்றிலும் கெடிலத்திலும் கலக்கப்போகும் ஒவ்வொரு கிராமுக்கும் நாம்தான் பொறுப்பு. நிறம் குறையாத எல்லைவரை அதைக் குறைத்துப் பார்ப்பது நம் கடமை.

சமையல் சோடா காரத்துக்காக. சலவைச் சோடா போடலாம். வினை வலுவாக இருக்கும். ஆனால் பதமிட்ட துணியை நாள் கணக்கில் வைத்திருந்தால் மஞ்சளிக்கும். சமையல் சோடா சேமிப்பில் மென்மையாக இருந்து, நீராவிச் சூட்டில்தான் சலவைச் சோடாவாக மாறுகிறது. வேண்டிய நேரத்தில் வேண்டிய காரம் கிடைக்கிறது.

ரெசிஸ்ட் சால்ட், நீராவிப் பெட்டிக்குள் சாயம் நிறமிழந்து போகாமல் தன்னைக் கொடுத்துக் காக்கும் காவலாளி. ஹெக்சாமெட்டாபாஸ்பேட் தண்ணீரில் மிச்சமிருக்கும் கால்சியத்தைக் கட்டிப்போடும்.

கலக்கும் முறை: முதலில் தண்ணீரில் ஹெக்சாமெட்டாபாஸ்பேட். பிறகு வேகமாகச் சுழலும் கலக்கியின் கீழ் ஆல்ஜினேட்டைக் கோலப்பொடி தூவுவதுபோல் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே கூழும் உள்ளே பொடியுமாக உருண்டைகள் ஆகிவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. இரவு முழுதும் ஊறட்டும். காலையில் யூரியாவையும் ரெசிஸ்ட் சால்ட்டையும் வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சேருங்கள். எல்லாம் ஆறிய பின் கடைசியாகச் சமையல் சோடா. சூட்டில் போட்டால் நுரைத்து வீணாகும். மெல்லிய நைலான் துணியில் வடிகட்டுங்கள். கூழில் ஓர் உருண்டை தப்பினாலும் அச்சில் ஒரு வெள்ளைப் பொட்டு நிச்சயம்.

துணியைக் கரைசலில் முக்கி, பேடிங் மாங்கிளின் இரு ரப்பர் உருளைகளுக்கு நடுவே பிழிகிறோம். எவ்வளவு கரைசல் துணியில் தங்கியது என்பது எடையில் தெரியும். உலர்ந்த துண்டு 120 கிராம், பிழிந்த பின் 210 கிராம் என்றால் 90 கிராம் ஏறியிருக்கிறது. அது 75 சதவீதம். 70 முதல் 80 வரை எனக்குச் சரியாக வருகிறது. துணியின் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் தனித்தனியே எடைபோட்டுப் பாருங்கள். உருளையின் அழுத்தம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அச்சும் ஒருபக்கம் வெளிறியே வரும். அதை மென்பொருளில் திருத்த முயன்று நாள்களை வீணடித்தவர்களை எனக்குத் தெரியும்.

மாங்கிள் இல்லாதவர்கள் தெளித்தும் பூசலாம், பிரஷால் தடவலாம் என்று சொல்கிறார்கள். சிறு துண்டுக்குச் சரி. மீட்டர் கணக்கில் அப்படிச் செய்தால் திட்டுகளைத் தவிர்க்க முடியாது. அதற்குப் பதில், அச்சுக்காகவே பதமிட்டு விற்கும் துணியை வாங்குவது மேல்.

சூட்டில் உலர்த்தினால் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருங்கள், வறுத்துவிடாதீர்கள். மொட்டை மாடியில் கொடியில் காயப்போடுவது நம் ஊரில் எல்லோருக்கும் தோன்றும் வழி. எனக்கு அது ஒத்துவரவில்லை. கடற்காற்று உப்பையும் தூசியையும் கொண்டுவரும், கரைசல் மடிப்பை நோக்கி இறங்கும், குறுக்கு நூலான ஊடை வளையும். நிழலில், விரித்த நிலையில், மின்விசிறிக் காற்றில் காயவைப்பது மெதுவானாலும் சீரானது. காய்ந்ததும் கறுப்பு பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் சுற்றி, தேதி எழுதி வையுங்கள். யூரியா ஈரத்தைக் குடிக்கும். திறந்து வைத்த சுருள் ஒரே மழை நாளில் பிசுபிசுத்துவிடும்.

நான்காம் படி: அறையும் இயந்திரமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இயந்திரத்தோடு வரும் கையேடே பெரும்பாலானவற்றைச் சொல்கிறது. அறையின் ஈரப்பதம் 50 முதல் 65 சதவீதத்துக்குள், வெப்பம் 22 முதல் 28 டிகிரிக்குள் இருக்கட்டும். நம் கரையில் ஈரம் நீக்கும் கருவி இல்லாமல் இது நடக்காது. மைக்குப்பிகளைக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ரியாக்டிவ் மை அக்னி நட்சத்திர வெயிலில் அலமாரியில் கிடந்தே வலுவிழக்கும். தினமும் முதல் வேலை நாசில் சோதனை. பஞ்சை உருளைத் தூரிகையால் எடுத்துவிட்டு, அச்சுத்தலை துணியை உரசாத மிகக் குறைந்த உயரத்தில், பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டரில் வையுங்கள். உயரம் கூடினால் துளி காற்றில் அலைந்து ஓரம் மங்கும். பட்டை பட்டையாகக் கோடு தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, தலை கடக்கும் தடவைகளைக் கூட்டுங்கள்.

புள்ளி அடர்த்தியை உயர்த்தினால் தரம் உயரும் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். 40ஆம் நம்பர் நூலில் அங்குலத்துக்குப் பாவு 133, ஊடை 72 உள்ள பாப்ளினை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால் ஒவ்வொரு பாவு நூலின்மேலும் நான்கு, ஐந்து புள்ளிகள் விழுகின்றன. அதற்குமேல் நூலே விவரத்தைக் காட்டாது. 1200க்குப் போனால் மைதான் கூடும், அந்த மை ஓடத் தொடங்கும். நுணுக்கம் வேண்டுமென்றால் இன்னும் மெல்லிய 60ஆம் நம்பர் நூலில் நெருக்கமாக நெய்த துணிக்கு மாறுங்கள்.

ஐந்தாம் படி: நிறக்கணக்கு

இங்கே பெரும்பாலோர் செய்யும் ஒரு பிழையைத் திருத்தினாலே பாதி நிறப் புகார்கள் தீரும். நிறக் கட்டங்களுள்ள சோதனைத் துண்டை அச்சிட்டதும் அளக்கிறார்கள். ரியாக்டிவ் மை அச்சிட்டவுடன் காட்டும் நிறம் பொய். நீராவியில் அது ஆழமாகும், சாயலும் மாறும். கழுவும்போது ஒரு பங்கு போகும். அச்சிட்டு, நீராவி கொடுத்து, சோப்பிட்டுக் கழுவி, காயவைத்து, இஸ்திரி போட்டு, ஆறிய பிறகு அளந்தால்தான் அந்த அளவு உண்மை. ஒவ்வொரு துணி வகைக்கும் தனிப் புரொஃபைல், அதாவது நிறத் திருத்தக் கோப்பு, வேண்டும். கேம்பிரிக்குக்குச் செய்ததைக் கேன்வாசுக்குப் போடாதீர்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது மை வரம்பு. ஒவ்வொரு நிறத்தையும் 10, 20, 30 என்று 100 சதவீதம்வரை கட்டங்களாக அச்சிடுங்கள். கழுவிய பின் பார்த்தால், ஓர் அளவுக்குமேல் கட்டங்கள் ஆழமாவதில்லை என்பது தெரியும். அதற்குமேல் கொடுப்பதெல்லாம் கழிவுநீருக்குப் போகும் மை. துணியைக் கசிய வைப்பதும் அதுதான். அந்த இடத்தில், படத்தை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருளில் வரம்பு போடுங்கள். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களுக்கு மொத்த வரம்பும் தனியே வேண்டும். எங்கள் பட்டறையில் கசிவைக் குறைத்தவற்றில் முன்பதத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

கூர்மையைச் சோதிக்க நான் தமிழ் எழுத்துகளையே வைத்திருக்கிறேன். 'க்', 'ங்', 'ணி', 'ஞூ', 'ஐ' ஆகியவற்றை 8, 10, 12, 16 அளவுகளில் கறுப்பு, வெள்ளை இரண்டிலும் அச்சிடுகிறேன். வெள்ளையைக் கறுப்புப் பின்னணியில். நம் எழுத்தின் சுழிகளும் புள்ளியும் கசிவை உடனே காட்டிக்கொடுக்கும். 'ணி'யின் சுழி அடைத்துக்கொண்டால் மை அதிகம். வெள்ளைப் புள்ளி மறைந்தால் கூழ் போதவில்லை. பாவு வாட்டத்திலும் ஊடை வாட்டத்திலும் அரை மில்லிமீட்டர் கோடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாட்டத்தில் மட்டும் கோடு தடித்தால் நூல் வழியே மை ஏறுகிறது என்று பொருள். அதற்கு மருந்து முன்பதத்தில்தான் இருக்கிறது.

ஆறாம் படி: நீராவி

அச்சிட்ட துணியைக் காயவிட்டு, முடிந்தால் அன்றே நீராவிக்கு அனுப்புங்கள். 102 டிகிரியில் நிறைவுற்ற நீராவி, 8 முதல் 10 நிமிடம் என்பது வழக்கமான அளவு. குறைந்தால் சாயம் பிணையாது. நேரத்தை நீட்டினால் பூக்களைச் சுற்றி மங்கலான வளையம் வரும்.

சிறு பட்டறைகளில் பெட்டி ஸ்டீமர்தான் இருக்கும். இட்லி வேகவைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க அதிகமில்லை. மூடியில் சேரும் நீர் சொட்டினால் இட்லி குழைவது போல, துணியில் ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் போயிற்று. மூடிக்கு அடியில் கம்பளியோ பலமடிப்புத் துணியோ கட்டுங்கள். தண்ணீர் நன்றாகக் கொதித்து, பெட்டி முழுதும் சூடேறி, உள்ளிருந்த காற்று வெளியேறிய பிறகே துணியை உள்ளே வைக்க வேண்டும். குளிர்ந்த பெட்டியில் வைத்துச் சூடேற்றினால் முதலில் துணிமேல்தான் நீர் கோக்கும். அச்சு அச்சைத் தொடாமல் நடுவே காடா துணி வைத்துத் தளர்வாகச் சுருட்டுங்கள். இறுக்கினால் உள் சுற்றுகளுக்கு ஆவி போகாது, வெளியே சிவப்பும் உள்ளே இளஞ்சிவப்புமாக வரும்.

ஏழாம் படி: கழுவுதல்

பிணையாத சாயம், கூழ், காரம், யூரியா எல்லாம் இப்போது வெளியேற வேண்டும். வரிசை மாறக் கூடாது. முதலில் குளிர்ந்த நீர், தாராளமாக, ஓடும் நீராக. நேரே வெந்நீரில் போட்டால் காரம் இன்னும் துணியில் இருப்பதால் கரைந்த சாயம் வெள்ளைப் பகுதியில் ஏறிப் பிடித்துக்கொள்ளும். பிறகு அதை எடுக்கவே முடியாது. நீர் தெளிந்த பின் 60 டிகிரி. அடுத்து 95 டிகிரியில், லிட்டருக்கு 2 கிராம் அயனியில்லா சோப்புத் திரவத்துடன் பத்து நிமிடம். பிறகு வெந்நீர், கடைசியாகக் குளிர்நீர். துணியை நனைத்து நிற்க விடாதீர்கள், அசைந்துகொண்டே இருக்கட்டும்.

முடிந்ததா என்று அறிய, ஈரமான வெள்ளைத் துண்டை அச்சின்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். துண்டில் நிறம் ஏறினால் சோப்பு இன்னொரு முறை வேண்டும். வாடிக்கையாளர் அறிக்கை கேட்டால் சலவைக்கு ஐ.எஸ்.ஓ. 105 சி06, உரசலுக்கு ஐ.எஸ்.ஓ. 105 எக்ஸ்12 ஆகிய சோதனைகளைச் செய்யச் சொல்லி ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

கழிவுநீரைச் சாக்கடையில் திறந்துவிடாதீர்கள். அளவு சிறிதானாலும் சேர்த்துவைத்து, சுத்திகரிப்பு வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்த பிறகே இந்தத் தொழிலில் இறங்க வேண்டும்.

நீராவி வசதி இல்லையென்றால்

பிக்மென்ட் மை இழையோடு வினைபுரிவதில்லை, பைண்டர் என்ற ஒட்டுப்பொருள் அதை மேலே ஒட்டவைக்கிறது. 150 முதல் 160 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நிமிடம் சூடுகொடுத்தால் போதும். கழுவும் வேலை இல்லை, தண்ணீரும் மிச்சம். வெயிலைப் பொதுவாக நன்றாகத் தாங்கும். உரசலில் பின்தங்கும், அடர்த்தியான இடங்களில் துணி சற்று விறைக்கும். கைப்பைக்கும் மேசை விரிப்புக்கும் சரி, குழந்தைச் சட்டைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதன் கூர்மையை உயர்த்தக் கடலூர்க்காரர்களுக்கு அருகிலேயே ஒரு பொருள் இருக்கிறது. துறைமுகத்தில் உரித்துக் குவியும் இறால் ஓட்டிலிருந்து எடுக்கக்கூடிய கைட்டோசான். அமிலநீரில் அது நேர்மின் தன்மை பெறும். பிக்மென்ட் மைத்துகள்கள் பெரும்பாலும் எதிர்மின் தன்மை கொண்டவை. துளி விழுந்ததும் இரண்டும் கவ்விக்கொள்ளும், நிறம் மேற்பரப்பிலேயே நிற்கும். ஒரு லிட்டர் நீரில் 10 மில்லிலிட்டர் அசிட்டிக் அமிலம், 5 கிராம் கைட்டோசான் கரைத்து, வடிகட்டி, மாங்கிளில் ஏற்றி உலர்த்துகிறேன். அளவு கூடினால் துணி விறைக்கும், சூட்டில் மஞ்சளிக்கும். ஆல்ஜினேட்டோடு இதை ஒருபோதும் ஒரே பாத்திரத்தில் கலக்காதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக் கட்டிகளாகத் திரண்டுவிடும்.

பழுது வந்தால் எங்கே தேடுவது

எல்லாப் பக்கமும் கசிவு: மை வரம்பு, யூரியா, அறையின் ஈரம், இந்த வரிசையில் பாருங்கள். திட்டுத் திட்டாகக் கசிவு: துணியில் மிஞ்சிய கஞ்சி அல்லது மாங்கிள் அழுத்தம். அச்சில் நன்றாக இருந்து கழுவியதும் வெளிறுவது: நீராவி போதவில்லை, அல்லது மை பழையது, அல்லது சமையல் சோடாவைச் சூட்டில் போட்டிருக்கிறீர்கள். வெள்ளைப் பகுதி மங்கலாகச் சிவப்பது: குளிர்நீர் போதவில்லை, அல்லது கழுவும் நீரில் உப்பு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, ஒரு முழம் துணியை எல்லாப் படிகளிலும் கடத்திப் பார்த்த பிறகே அடுத்தது.

நான் ஒவ்வொரு சுருளிலும் உள்ளங்கை அளவு துண்டு வெட்டிக் கணக்கு நோட்டில் ஒட்டுகிறேன். பக்கத்தில் ஆறு சொட்டுகளின் நொடிகள், ஏறிய சதவீதம், அன்றைய ஈரப்பதம், நீராவி நிமிடம். மறு ஆர்டர் வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும்.

திரைச்சீலை என்றால் இன்னும் ஒரு சோதனை சேர்க்கிறேன். கழுவி முடித்த துண்டின் பாதியை அட்டையால் மூடி, கிழக்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி முப்பது நாள் விட்டுவிடுகிறேன். காலை வெயில் கடலிலிருந்து நேரே அதன்மேல் விழும். அந்த விடுதியின் மறு அச்சுக்கும் அப்படித்தான் செய்தேன். அட்டையை எடுத்தபோது காகிதப்பூவின் சிவப்பு இரு பாதியிலும் ஒன்றாக இருந்தது, இலைப்பச்சையில் இருந்த மஞ்சள் மட்டும் சற்று வெளிறியிருந்தது. இலைக்கு வேறு கலவை எடுத்து, இன்னொரு முப்பது நாள் கேட்டு வாங்கினேன்.